கிட்னிக்கு ஸ்டெம் செல் சிகிச்சையா? காசு கேட்டாலே எழுந்து வந்துடுங்க



சுங்குவார்சத்திரம் வழியா கம்பெனி பஸ்ல போய் வர்றவங்களுக்கு 2025 அக்டோபர் மறந்திருக்காது. பெங்களூரு நெடுஞ்சாலையில் இருந்த ஸ்ரீசன் ஃபார்மா என்ற சின்ன மருந்து கம்பெனி. அங்கே தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கிட்னி செயலிழந்து இறந்தாங்க. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்ஆர்-13 என்ற பேட்சை சோதித்தபோது அதில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1%. பிரேக் ஃப்ளூயிட் மாதிரி தொழிற்சாலைப் பொருட்களில் சேர்க்கிற ரசாயனம் அது. உரிமையாளர் கைதானார். அக்டோபர் 13-ம் தேதி கம்பெனியின் உரிமம் ரத்தானது.

மருந்தே கிட்னியைக் கெடுக்கும்னு நம்ம ஏரியாவில் பலருக்கும் உறைத்தது அப்போதான். அதுக்குப் பிறகு சேனலுக்கு ஒரே மாதிரி கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், அப்பா பல வருஷமா மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டார். இப்போ கிரியாட்டினின் ஏறிடுச்சு. ஸ்டெம் செல் ஊசி போட்டா கிட்னி பழையபடி ஆகும்னு ஒரு கிளினிக்ல சொல்றாங்க. சில லட்சம் ஆகுமாம். பர்சனல் லோன் போடலாமா, பிஎஃப் எடுக்கலாமா?"

என் பதில்: ரெண்டும் வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். எந்த மாத்திரை சாப்பிடணும், எதை நிறுத்தணும்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. அதை நெஃப்ராலஜிஸ்ட் சொல்லட்டும். ஆனா ஒரு செலவுக்குப் பின்னால சரியான பேப்பர் இருக்கான்னு பார்க்கிறது என் தொழில். அந்தக் கண்ணோட பார்த்தா, இந்த சிகிச்சைக்குக் காசு கேட்கிற இடத்திலேயே விஷயம் உடைஞ்சு போகுது. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல கிட்னி எப்படி கெடுதுன்னு பார்ப்போம்

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கு. பிறந்த பிறகு புதுசா ஒண்ணுகூட உருவாகாது. இருப்பதை வைத்துத்தான் வாழ்நாள் முழுக்க ஓட்டணும்.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். உடம்பில் தண்ணி குறைவா இருக்கும்போது அந்த பாதிப்பு இன்னும் அதிகம். மே மாச வெயில்ல ஷாப் ஃப்ளோரில் எட்டு மணி நேரம் நின்னுட்டு, உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்ல 'ஒரு செட்' வாங்கிப் போடுறவங்க இதை கவனிங்க. ஜென்டாமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் கிட்னிக்குள்ள இருக்கும் குழாய்ச் செல்களையே நேரடியா தாக்கும்.

இங்கே ரெண்டு வகையைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு, திடீர்னு வரும் பாதிப்பு. குழாய்ச் செல்களுக்குத் தானா திரும்ப வளரும் சக்தி உண்டு. காரணமான மருந்தை சீக்கிரம் நிறுத்தி, தேவைப்பட்டா கொஞ்ச நாள் டயாலிசிஸ் கொடுத்தா, பலருக்கு சில வாரங்களில் கிரியாட்டினின் இறங்கும். இன்னொண்ணு, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல தழும்பு விழுந்த கிட்னி. போன வடிகட்டி போனதுதான். மீதி இருப்பதைக் காப்பாத்துறதுதான் அங்கே சிகிச்சை.

முதல் வகை நோயாளிக்கு நடுவுல யாராவது ஒரு ஊசி போட்டா என்ன ஆகும்? தானா இறங்க வேண்டிய கிரியாட்டினின் இறங்கும், பெயர் ஊசிக்குப் போகும். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான். 'எங்க பேஷன்ட் ரிப்போர்ட்டைப் பாருங்க, 6-ல இருந்து 2-க்கு வந்துடுச்சு'ன்னு காட்டினா, அந்த ரிப்போர்ட் உண்மையாகவே இருக்கலாம். அது எதை நிரூபிக்குதுங்கறதுதான் கேள்வி.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

இந்த யோசனை கட்டுக்கதை இல்லை. 2004-ல் இத்தாலி விஞ்ஞானிகள், சிஸ்பிளாட்டின் கொடுத்து கிட்னி பாதித்த எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையில் இருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தினாங்க. எலிகளின் கிட்னி நல்லாவே தேறியது. உலகம் முழுக்க நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

பிறகு மனிதர்கள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு திடீர்னு கிட்னி பாதித்த 156 பேரை வைத்து வட அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. ஒரு பிரிவுக்கு ஸ்டெம் செல், இன்னொரு பிரிவுக்கு வெறும் திரவம். 2018-ல் முடிவு வெளியானது. ஸ்டெம் செல் வாங்கினவங்களுக்குக் கிட்னி சீக்கிரம் தேறவில்லை. அவங்க பாதிப்பு மருந்தால வந்தது இல்லைதான். ஆனா திடீர் கிட்னி பாதிப்புக்கு மனிதர்களில் ஒழுங்கா நடந்த பெரிய சோதனை அது. எலிக்கு வேலை செய்தது மனிதனுக்கு அப்படியே வேலை செய்யலை.

'போட்டுத்தான் பார்ப்போமே, என்ன நஷ்டம்'னு தோணலாம். தாய்லாந்தில் லூபஸ் நோயால கிட்னி பாதித்த ஒரு பெண்ணுக்கு, தனியார் கிளினிக்கில் அவரோட சொந்த ஸ்டெம் செல்லையே கிட்னிக்குள்ள செலுத்தினாங்க. ஊசி போட்ட இடத்தில் கட்டிகள் வளர்ந்தன. ஒரு கிட்னியை எடுக்க வேண்டி வந்தது. பிறகு அவர் இறந்துபோனார். 2010-ல் மருத்துவ இதழில் பதிவான சம்பவம் இது. சொந்த செல்தானே, பக்க விளைவு கிடையாதுன்னு சொன்னா நம்பிடாதீங்க.

காசு கேட்பதே ஏன் பிரச்சினை?

ஐசிஎம்ஆரும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவா இருக்கு. ரத்தப் புற்றுநோய், தலசீமியா மாதிரி ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று மட்டுமே வழக்கமான சிகிச்சை. மத்ததெல்லாம் ஆராய்ச்சி. அதுக்குப் பிறகு ஓரிரு ஸ்டெம் செல் தயாரிப்புகளுக்கு, கால் ரத்தக்குழாய் அடைப்பு, மூட்டுத் தேய்மானம் மாதிரி குறிப்பிட்ட பிரச்சினைகளுக்கு மட்டும் தனி அனுமதி கிடைச்சிருக்கு. அந்தப் பட்டியல்ல கிட்னி இல்லை.

ஆராய்ச்சி என்றால் அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேணும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேணும். சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு வேணும். முக்கியமா, நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள்படி, சோதனையால் பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்கணும்.

இப்போ கணக்கைப் பாருங்க. கிட்னிக்கு ஸ்டெம் செல் போடுறோம்னு ஒருத்தர் சொன்னா, அது ஒண்ணு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா இருக்கணும், இல்லைன்னா ஆராய்ச்சியா இருக்கணும். சிகிச்சையா இன்னும் அங்கீகாரம் இல்லை. ஆராய்ச்சின்னா காசு வாங்கக் கூடாது. அப்போ நீங்க கொடுக்கிற அந்த சில லட்சம் எந்தக் கணக்கில் போகுது? அதுக்கு அவங்ககிட்ட நேர்மையான பதில் இருக்க வாய்ப்பே இல்லை.

இது கிட்னிக்கு மட்டும் நடக்கிற வியாபாரம் இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்னு விற்பது பெருகினபோது, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே அதைப் பரிந்துரைக்க முடியாதுன்னு சொல்ல வேண்டி வந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்காக ஏற்கெனவே பதில் சொல்லிடுச்சு

பாலிசி புத்தகத்தை யாரும் படிக்கிறதில்லை. இந்த விஷயத்துக்காவது படிங்க. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019-ல் 12 நவீன சிகிச்சைகளை பாலிசியில் இருந்து ஒதுக்கக் கூடாதுன்னு சொன்னது. ரோபோ ஆபரேஷன் அதுல இருக்கு. ஸ்டெம் செல்லும் இருக்கு. ஆனா எப்படி இருக்குன்னா, 'ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று' என்ற அளவுக்கு மட்டும். இன்னொரு பக்கம், 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்ற விலக்கு ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் இருக்கு.

'உங்க பாலிசியில ஸ்டெம் செல் கவர் ஆகும் சார்'னு கிளினிக் ஆள் சொன்னா, அது பாதி உண்மை. கிட்னிக்குக் கவர் ஆகாது.

இதுல ஒரு நல்ல உபயோகமும் இருக்கு. காசு கட்டும் முன்னாடி, 'கேஷ்லெஸ் ப்ரீ-ஆத் அனுப்புங்க, இன்ஷூரன்ஸ் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்'னு கேளுங்க. ஐஆர்டிஏஐ-யின் 2024 விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் வரணும். அனுப்பவே மறுத்தா ஒரு பதில். மறுப்புக் கடிதம் வந்தா இன்னொரு பதில். ரெண்டுமே உங்களுக்கு இலவசம்.

லோன் போட்டா என்ன ஆகும்?

உதாரணத்துக்கு 5 லட்சம்னு வச்சுக்குவோம். 14% வட்டி, 5 வருஷ பர்சனல் லோன். மாச இஎம்ஐ சுமார் ₹11,634. மொத்தம் கட்டுவது சுமார் ₹6.98 லட்சம். கையில ₹30,000 வாங்குற ஒருத்தருக்கு சம்பளத்தில் மூணில் ஒரு பங்குக்கும் மேல.

பிரச்சினை இதோட முடியலை. ஊசி வேலை செய்யலைன்னா அப்பாவுக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம். வாரம் மூணு தடவைன்னா மாசம் 12, 13 தடவை. போக வர வண்டி, கூட ஒருத்தர் லீவு, மருந்து. மாற்று சிறுநீரகம் வைக்கும் நிலை வந்தா, தானம் கொடுப்பவருக்கும் சேர்த்து பரிசோதனை, அதுக்கப்புறம் வாழ்நாள் மருந்து. நிஜமா காசு தேவைப்படும் அந்த நேரத்தில் உங்க சிபில் ஸ்கோரும், லோன் வாங்கும் தகுதியும், பிஎஃப்-ம் ஏற்கெனவே காலியா இருக்கும். ஊசிக்குக் கொடுத்த பணத்தை விட, இந்த நிலைமையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். வீட்டில் சம்பாதிக்கிறது நீங்க ஒருத்தர்தான்னா, உங்க கடன் வாங்கும் சக்திதான் அந்தக் குடும்பத்தோட கடைசி சேமிப்பு. அதை ஒரே தடவைதான் செலவு பண்ண முடியும்.

சரி, காசை எங்கே வைக்கலாம்?

ஈஎஸ்ஐ: மாசச் சம்பளம் ₹21,000 வரை இருந்தா நீங்க இதுக்குள்ள வருவீங்க. உங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. ₹18,000 சம்பளத்துக்கு உங்க கையில் இருந்து போறது வெறும் ₹135. பே ஸ்லிப்ல இந்தப் பிடித்தத்தைப் பார்த்து சலிச்சுக்கிறவங்க நம்ம ஒரகடம் பக்கம் நிறைய. ஆனா மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பு இல்லாத திட்டம் இது. உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கும் உண்டு. உங்களுக்கே நாள்பட்ட கிட்னி செயலிழப்பு வந்து வேலைக்குப் போக முடியலைன்னா, குறைந்தது 2 வருஷம் தொடர்ந்து ஈஎஸ்ஐ-ல இருந்திருந்தா, சம்பளத்தில் 80% வரை 2 வருஷத்துக்குக் கிடைக்க வழி இருக்கு. ஈ-பெஹ்சான் கார்டில் அப்பா அம்மா பெயர் இருக்கான்னு இன்னிக்கே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை. உங்க சம்பளத்தைச் சேர்த்தா தகுதி தாண்டிடலாம். ஊர்ல அப்பா அம்மா தனி ரேஷன் கார்டில் இருந்தா, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கும் திட்ட மையத்தில் விசாரிங்க.

சொந்த பாலிசி: கம்பெனி தரும் குரூப் பாலிசி, வேலையை விட்ட அன்னிக்கே போயிடும். அப்பாவுக்கு சுகர், பிரஷர் இருந்தாலும் அதை மறைக்காம எழுதி தனி பாலிசி எடுங்க. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்பு காலம் 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 3 வருஷம்தான். 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

வரி: பழைய வரி முறையில் இருப்பவங்களுக்கு மட்டும் இது. ஹெல்த் இன்ஷூரன்ஸ் கழிவின் மொத்த வரம்புக்குள் முன்தடுப்பு பரிசோதனைக்கு ₹5,000. நாள்பட்ட கிட்னி செயலிழப்பு சிகிச்சைக்கு ₹40,000, மூத்த குடிமக்களுக்கு ₹1 லட்சம் வரை. சிறப்பு மருத்துவரின் எழுத்து வேணும். இன்ஷூரன்ஸ் திருப்பிக் கொடுத்த தொகையைக் கழிச்சுக்கணும். புதிய வரி முறையில் இந்த ரெண்டும் கிடையாது.

'நம்பிக்கையைக் கெடுக்காதீங்க சார்'

இப்படியும் சிலர் எழுதுறாங்க. நியாயமான கோபம்தான். டயாலிசிஸ் ஊசி குத்தின கையோட அப்பா படுத்திருக்கும்போது, 'ஆதாரம் இல்லை, விலக்கு இருக்கு'ன்னு பேசுறவன் கல்நெஞ்சக்காரன் மாதிரி தெரியும். நாளைக்கு இந்த ஆராய்ச்சி ஜெயிக்கவும் செய்யலாம். ஜெயிக்கணும்னுதான் எனக்கும் ஆசை.

ஆனா நம்பிக்கைக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கு. சிடிஆர்ஐ தளத்தில் கிட்னி சம்பந்தமான சோதனைகளைத் தேடிப் பாருங்க. உங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட 'அப்பா இதுல சேர முடியுமா'ன்னு கேளுங்க. சேர்த்துக்கிட்டா காசு இல்லை, பாதிப்பு வந்தா பொறுப்பெடுக்க ஆள் இருக்கு. அந்த வழியில் போறவங்களை நான் தடுக்கவே மாட்டேன். எந்தப் பதிவும் இல்லாம, உங்க அப்பாவை சோதனை எலியாக்கிட்டு அதுக்கு உங்ககிட்டயே காசு வாங்குறதைத்தான் வேண்டாம்னு சொல்றேன்.

கிளினிக்ல கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? பதிலை எழுத்தில் கொடுங்க.

2. ஆராய்ச்சின்னா சிடிஆர்ஐ எண் என்ன? எண் கொடுத்தா அங்கேயே போனில் தேடுங்க. நோய், மருத்துவமனை, டாக்டர் பெயர் மூணும் பொருந்தணும். பதிவு எண் இருந்தா மட்டும் போதாது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்க.

3. ஏன் காசு? எவ்வளவு, எதுக்கு எதுக்குன்னு பிரிச்சு பில் தருவீங்களா? 'வெல்னஸ் பேக்கேஜ்', 'ரீஜெனரேட்டிவ் பேக்கேஜ்'னு ஒரே வரியில் பில் வந்தா, பின்னாடி நீங்க நுகர்வோர் மன்றத்துக்குப் போனாலும் கையில் ஆதாரம் இருக்காது.

4. ரொக்கமா கேட்கிறாங்களா? ஒரே ஆளிடம் ஒரே நாளில், அல்லது ஒரே சிகிச்சைக்கு, ₹2 லட்சமோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கலை. அபராதம் வாங்கினவருக்கு. 'கேஷா கொடுத்தா டிஸ்கவுன்ட்'னு சொல்ற ஆஸ்பத்திரி இன்னும் எதையெல்லாம் கணக்கில் காட்டாம செய்யும்னு யோசிங்க.

5. எங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட நீங்களே பேசுவீங்களா? ரெண்டு டாக்டரும் பேசிக்கிறதுக்குத் தயங்கினா, அங்கேயே நிறுத்திக்கலாம்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணச் சட்டத்தில், குணப்படுத்துவதா விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் இருக்கு. அதுல 'பிரைட்ஸ் டிசீஸ்' ஒண்ணு. கிட்னி அழற்சி நோய்களுக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். 70 வருஷம் முன்னாடியே கிட்னி நோயாளிகளைக் குறிவைத்து வியாபாரம் நடந்திருக்கு, சட்டம் அதைத் தடுக்கவும் பார்த்திருக்கு. ரீல்ஸ்ல வர்ற விளம்பரம் மட்டும்தான் புதுசு.

இந்த மாசமே செய்ய வேண்டியது

மெடிக்கல் ஷாப்ல டாக்டர் சீட்டு இல்லாம 'செட்' வாங்குறதை நிறுத்துங்க. என்ன மாத்திரைன்னே தெரியாம சாப்பிட்டா, நாளைக்கு எதை நிறுத்தணும்னு டாக்டராலும் சொல்ல முடியாது. மருந்து எப்போ வாங்கினாலும் பில்லோட வாங்குங்க. அதுல பேட்ச் எண் இருக்கும். கோல்ட்ரிஃப் விஷயத்தில் விஷம் எந்த பாட்டிலில் இருக்குன்னு கண்டுபிடிக்க உதவினது எஸ்ஆர்-13 என்ற அந்த நாலு எழுத்துதான்.

வீட்டில் யாராவது ரொம்ப நாளா வலி மாத்திரை சாப்பிட்டா, அல்லது சுகர், பிரஷர் இருந்தா, கிரியாட்டினினும் யூரின் ஆல்புமினும் ஒரு தடவை பார்த்துடுங்க. ஆகும் செலவு சில நூறு ரூபாய். சீக்கிரம் தெரிஞ்சா, இருக்கிற வடிகட்டிகளைக் காப்பாத்த நிஜமான மருந்துகள் இருக்கு.

கிளினிக் கொடுத்த எஸ்டிமேட் ஏற்கெனவே உங்க கையில் இருந்தா, பெயரை மறைச்சுட்டு சேனல் மெயிலுக்கு அனுப்புங்க. பில்லில் என்ன இருக்கு, என்ன இல்லைன்னு அடுத்த வீடியோவில் வரிவரியா பார்க்கலாம். அது வரைக்கும் அட்வான்ஸ் மட்டும் கட்டிடாதீங்க.